ஆய்வு நூல் எழுதினவங்களோட உட்கார்ந்து பேசுறது எப்படி: ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

எங்க ஊர் நூலகத்துல மாசம் ஒரு ஆய்வாளரைக் கூப்பிட்டு அவங்க எழுதின புத்தகத்தைப் பத்தி பேச வைக்கிறோம், கூட்டம் முப்பது பேர் வந்தா பெருசு, ஆனா வர்றவங்க விடாம வர்றாங்க. இப்ப பக்கத்து ஊர்க்காரங்க சிலர் நாங்களும் ஆரம்பிக்கணும் எப்படிப் பண்றீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். வரலாறு, கல்வெட்டு, சங்க இலக்கியம் இந்தப் பக்கம்தான் எனக்குப் பழக்கம், அதனால உதாரணமும் அங்க இருந்துதான் வரும், மத்த துறைக்காரங்க உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல் கூட்டத்துல நடந்தது இன்னும் மனசுல இருக்கு. நான் மைக்கைக் கையில வாங்கி "ஐயா, உங்க நூலைப் பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டேன், அவரும் பாவம் முதல் அத்தியாயத்துல இது இருக்கு, ரெண்டாவதுல இது இருக்குன்னு முக்கால் மணி நேரம் பொருளடக்கத்தையே விரிச்சுச் சொன்னார், பின்னாடி வரிசை காலி ஆயிடுச்சு. முடிஞ்சு டீ குடிக்கும்போது அதே மனுஷன் ஒரு கல்வெட்டைத் தேடி மூணு தடவை மலையேறி, மூணாவது தடவை சாயங்கால வெளிச்சம் சாய்வா விழுந்தப்பதான் அந்த எழுத்து தெரிஞ்சுதுன்னு சொன்னார், டீக்கடை பெஞ்சுல இருந்த நாலு பேரும் வாயைப் பொளந்து கேட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன், நம்ம கேள்வி "இதுல என்ன இருக்கு"ன்னு இருக்கக்கூடாது, "இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது"ன்னு இருக்கணும். கீழ நான் சொல்ற எல்லாப் படியும் இந்த ஒரு கேள்வியைச் சரியா கேக்குறதுக்கான தயாரிப்புதான்.

புத்தகத்தை எங்க இருந்து படிக்கணும்

ஆய்வு நூலை நாவல் மாதிரி முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா பாதியில மூச்சு வாங்கும். நான் முதல்ல நன்றியுரையைப் படிப்பேன். எந்த ஊர்ல எத்தனை வருஷம் இருந்தாங்க, யார் வழிகாட்டி, எந்த ஆவணக் காப்பகம், எந்த ஊர்ப் பெரியவர் வீட்டுல சாப்பிட்டாங்க எல்லாம் அந்த ரெண்டு மூணு பக்கத்துல இருக்கும், கேள்விக்குப் பாதித் தீனி அங்கயே கிடைச்சிடும். அடுத்து முன்னுரை, அது முடிஞ்சு முடிவுரை, அப்புறம் நேரா அடிக்குறிப்பு. அடிக்குறிப்புல எது திரும்பத் திரும்ப வருதோ அதுதான் அந்தப் புத்தகத்தோட அஸ்திவாரம். அதுக்கப்புறம்தான் நடுவுல ஒரு அத்தியாயத்தை எடுத்து வரிவரியா படிக்கணும், ஒரே ஒரு அத்தியாயம் போதும், ஆனா அதை முழுசாப் படிக்கணும். நேரம் இருந்தா மிச்சத்தையும் படிங்க, நான் படிச்சிடுவேன், ஆனா மேடைக்குக் கை கொடுக்குறது அந்த ஒண்ணுதான்.

நிறைய நூல் முனைவர் பட்ட ஆய்வேடா இருந்து பிறகு புத்தகம் ஆனதுதான். தொ. பரமசிவனோட அழகர் கோயில் அப்படித்தான், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989ல வெளியிட்டது. கோயில்னு பேர் வச்சா சிற்பம், கல்வெட்டு, தல வரலாறுன்னு போறதுதான் வழக்கம், அவர் கள்ளர், இடையர், பள்ளர் பறையர், வலையர்னு சுத்தி இருக்குற ஜனங்களுக்கும் அந்தக் கோயிலுக்கும் என்ன உறவுன்னு கேட்டுப் போனார். ஆய்வேடு எதுன்னு தெரிஞ்சா கேக்குறதுக்கு ஒரு நல்ல கேள்வி ரெடி: ஆரம்பத்துல வச்சிருந்த தலைப்பு என்ன, எந்த இடத்துல அது மாறுச்சு? இதைக் கேட்டு யாரும் சும்மா ஒரு வரியில பதில் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

புத்தகம் கையில கிடைக்கலைன்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல தேடுங்க, ஈழத்து எழுத்துன்னா 'நூலகம்'னு பேர் வச்ச இணையத்தளம், சென்னையில இருக்கவங்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒத்தை ஆளா சேர்த்த சேகரிப்புல இருந்து 1994ல பிறந்தது அது. அங்க நடக்குற சொற்பொழிவுக்கு ஒரு தடவையாவது போய் உட்கார்ந்து பாருங்க, ஆய்வாளர் ஸ்லைடைக் காட்டி ஆதாரத்தை எப்படி முன்னாடி வைக்கிறாங்கன்னு பாக்குறதே ஒரு பயிற்சி.

மேசை மேல ஒரு ஆதாரம் வைக்கணும்

இது ரொம்ப முக்கியம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கூட்டத்துக்கு வர்றவங்க கண்ணால பாக்குற மாதிரி ஒரே ஒரு ஆதாரம் நடுவுல இருக்கணும், ஒரு கல்வெட்டு வரி, ஒரு பாட்டு, ஒரு பழைய கடிதம், ஒரு கணக்குப் புத்தகத்துப் பக்கம், எதுவா இருந்தாலும் சரி. அதைப் பெருசா பிரிண்ட் எடுத்து எல்லார் கையிலயும் கொடுத்திடணும், பேச்சு எங்க சுத்தினாலும் கடைசியில அந்தத் தாளுக்குத் திரும்பி வரணும்.

கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவனோட தமிழ் பிராமி (ரொம்பப் பழைய காலத்துல தமிழை எழுதின எழுத்து) ஆராய்ச்சியைப் பத்தி ஒரு தடவை நாங்க பேசினோம், அவர் 2018லயே காலமாயிட்டார், அதனால கல்வெட்டு சொல்லிக் கொடுக்குற ஒரு ஆசிரியரைக் கூப்பிட்டிருந்தோம். கரூர் பக்கம் புகலூர் மலையில இருக்குற குகைக் கல்வெட்டைப் பிரிண்ட் எடுத்தோம். அதுல இருக்குற வாசகம் இதுதான்: "மூதா அமண்ணன் யாற்றூர் செங்காயபன் உறைய், கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்". யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன்னு ஒரு வயசான சமண முனிவர், அவர் தங்குறதுக்கு, இளங்கடுங்கோ இளவரசன் ஆனப்ப வெட்டிக் கொடுத்த கல் படுக்கை, அவ்வளவுதான் விஷயம். ஆனா அப்பா, மகன், பேரன்னு மூணு தலைமுறை அதுல வரிசையா நிக்குது பாருங்க, அந்த வரிசையைச் சேர அரசர்களைப் பாடுற சங்க நூலான பதிற்றுப்பத்துல ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துல வர்ற அரசர்களோட பொருத்திப் பாக்கும்போதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்துச்சு. பாட்டுல மட்டும் கேட்ட இரும்பொறை பேரு பாறையிலயும் இருக்கு!

அங்க நிறுத்திடாதீங்க, அடுத்த கேள்விதான் உண்மையான கேள்வி. இதைப் படிக்க முடிஞ்சது எப்படி? 1924லயே கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகை எழுத்துல வடக்கத்தி பிராமியில இல்லாத ழ, ள, ற, ன எழுத்தெல்லாம் இருக்கு, அதனால மொழி தமிழ்னு சொல்லிட்டார். ஆனாலும் ரொம்பப் பழைய கல்வெட்டெல்லாம் படிச்சா சொல் சரியா வராது. மகாதேவன் எழுத்து முறையையே திருப்பிப் பார்த்தார். அந்தக் காலத்து முறையில மெய்யெழுத்துக்குப் பக்கத்துல போடுற சின்னக் கோடு 'ஆ'வுக்கும் வரும் 'அ'வுக்கும் வரும், கோடே இல்லைன்னா அது புள்ளி வச்ச மெய். இது தெரியாம வடக்கத்தி முறையில படிச்சா "மாகான"ன்னு வரும், தெரிஞ்சு படிச்சா "மகன்"! பலகையில சாக்பீஸ்ல மூணே மூணு எழுத்து போட்டு அந்த ஆசிரியர் இதைக் காட்டினப்ப பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு அவருக்கு முன்னாடியே "மகன்"னு கத்திடுச்சு. ஒரு ஆராய்ச்சி எப்படி நடக்குதுன்னு புரிய வைக்க இதுக்கு மேல என்ன வேணும்.

அப்புறம் காலம். 1960கள்ல குகை குகையா ஏறி ஆரம்பிச்சவர், 1966ல முதல் தொகுப்பைக் கட்டுரையா கொடுத்தார், நடுவுல சிந்து எழுத்துக்குப் போய் 1977ல அதுக்கு ஒரு தொடரடைவு (எந்தக் குறி எங்கெங்க வருதுன்னு காட்டுற பட்டியல்) போட்டார், 1987ல இருந்து 91 வரைக்கும் தினமணி ஆசிரியரா இருந்தார், அதுக்கப்புறம் மறுபடி குகைக்கே போனார், பெரிய நூல் வெளிவந்தது 2003ல. ஏறக்குறைய நாற்பது வருஷம். ஏன் மறுபடி போகணும், முதல் வாசிப்புல எது திருப்தி இல்ல, இந்தக் கேள்வியை உயிரோட இருக்குற எந்த ஆய்வாளர்கிட்டயும் அப்படியே கேக்கலாம்: நீங்க படிச்சதையே நீங்க திருத்தின இடம் எது?

யாரோட வாதம் நடக்குதுன்னு கண்டுபிடிங்க

எந்த ஆய்வு நூலும் வெறும் காத்துல பேசாது, எதிர்ல ஒருத்தர் இருப்பார். அவர் யாருன்னு தெரியாம கேள்வி கேட்டா பாதி சண்டைதான் நமக்குத் தெரியும். இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி பர்மிங்காம்ல கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சன்கிட்ட ஆய்வு பண்ணி 1968ல ஆக்ஸ்போர்டு மூலமா கொண்டுவந்த நூல், சங்கப் பாட்டு பாணர் வாய்மொழி மரபுல இருந்து வந்ததுன்னு கிரேக்கப் பாட்டோட வச்சு ஒப்பிட்டுச் சொல்லுச்சு. 1975ல அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் வந்து, பாணர் மரபைப் பார்த்துப் புலவர்கள் எழுத்துல செஞ்ச பாட்டுன்னார். ரெண்டு பேர் கையிலயும் அதே புறநானூறு அதே அகநானூறுதான். ஒரே பாட்டை வச்சு ரெண்டு பேரும் வேற வேற இடத்துக்கு எப்படிப் போனாங்கன்னு கேட்டா ஒரு சாயங்காலமே பத்தாது.

சோழர் காலத்துக்கும் இதே கதை உண்டு. நொபொரு கராஷிமா ஜப்பான்ல இருந்து வந்து திருச்சி பக்கம் அல்லூர், ஈசானமங்கலம்னு ரெண்டே ரெண்டு ஊரை எடுத்தார், ஒண்ணு வெள்ளாளர் ஊர் இன்னொண்ணு பிராமணர்களுக்குத் தானமா கொடுத்த பிரம்மதேயம், கல்வெட்டுல நிலம் விக்கிறது யாருன்னு பார்த்தார், ஒரு ஊர்ல ஊரார் சேர்ந்து விக்கிறாங்க இன்னொண்ணுல தனி ஆள் விக்கிறாங்க. சின்ன ஆய்வு, 1966ல வந்தது, ஆனா நிலம் யார் கையில இருந்துச்சுங்கிற பெரிய கேள்விக்கு அங்க இருந்துதான் வழி போச்சு. ஒய். சுப்பராயலு 1973ல சோழ மண்டலத்து நாடுகளை (பல ஊர் சேர்ந்த அந்தக் காலத்து வட்டாரங்களை) ஒவ்வொண்ணா வரைபடத்துல குறிச்சார். 1980ல பர்ட்டன் ஸ்டெயின் வந்து சோழ அரசு நாம நினைக்கிற மாதிரி மையத்துல இருந்து ஆண்ட பேரரசு இல்ல, துண்டு துண்டான நாடுகளுக்கு மேல சடங்கு அதிகாரம் மட்டும் வச்சிருந்த அரசுன்னு சொன்னார், அதுக்கு அவர் எடுத்துக்கிட்டது சுப்பராயலு போட்ட அதே நாட்டு வரைபடத்தைத்தான், ஆனா சுப்பராயலுவும் கராஷிமாவும் அந்த முடிவை ஏத்துக்கல. தன்னோட தரவை இன்னொருத்தர் எடுத்து வேற முடிவுக்குப் போனா எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு எந்தத் துறையிலயும் பதில் உண்டு, ஆனா யாரும் கேக்குறதில்ல.

முன்னாடியே ஒரு போன்

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அரை மணி நேரம் போன்ல பேசிடுங்க, கேள்வித்தாளை மட்டும் அனுப்பிட்டு விட்டுடாதீங்க. வர்றவங்க யாரு, டீச்சர் எத்தனை, காலேஜ் பசங்க எத்தனை, ரிட்டயர்ட் ஆனவங்க எத்தனைன்னு சொல்லுங்க. களத்துல எடுத்த போட்டோ, பழைய நோட்டு, மைப்படி (கல்வெட்டு மேல தாளை ஒத்தி மையில எடுத்த படி) எதாவது கொண்டுவர முடியுமான்னு கேளுங்க, மைப்படியை விரிச்சுக் காட்டினா சின்னப் பசங்க கூட எழுந்து வந்து பாக்குறாங்க. எந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுன்னும் கேட்டுக்கோங்க, அதை முதல்லயே தவிர்த்திடலாம். முக்கியமா, போன்ல அவங்க நல்ல கதையை ஆரம்பிச்சா பாதியிலயே "மேடம் இதை அன்னைக்குச் சொல்லுங்க, இப்ப வேணாம்"னு நிறுத்திடுங்க. ஒரு தடவை சொல்லிட்ட கதை ரெண்டாவது தடவை அதே சூட்டோட வராது.

எப்படிக் கூப்பிடுறதுன்னும் அப்பவே தெரிஞ்சுக்கோங்க. சிலருக்குப் பேராசிரியர்னு கூப்பிட்டா பிடிக்கும், சிலர் ஐயா அம்மா போதும்பாங்க, என்னை விடச் சின்ன வயசு ஆய்வாளரா இருந்தாலும் மேடையில நான் வாங்க போங்கதான். போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, தங்குறது இதை அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும், நிரந்தர வேலை இல்லாத ஆய்வாளர்கள் நிறைய பேரு, பஸ் டிக்கெட்டைக் கையில இருந்து போட்டுட்டு கேக்கக் கூச்சப்பட்டுட்டுப் போனவங்களை எனக்குத் தெரியும். மனசு கஷ்டமா இருக்கும்.

கேள்வி எழுதுறது

பத்துக் கேள்விக்கு மேல வேண்டாம், அதுல ஆறுதான் கேப்பீங்க. "இந்த நூலோட முக்கியத்துவம் என்ன"ங்கிற மாதிரி கேள்விக்கு பதில் பாராட்டுரையாத்தான் வரும். அதுக்குப் பதிலா பக்கத்தைச் சொல்லிக் கேளுங்க: "எண்பத்தி மூணாம் பக்கத்துல ஒரு விதவை நிலம் எழுதிக் கொடுத்த ஓலை வருதே, அதை எங்க பாத்தீங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" நீங்க நிஜமாவே படிச்சிருக்கீங்கன்னு அந்த நிமிஷமே அவங்களுக்குத் தெரிஞ்சிடும், முகமே மாறும், அதுக்கப்புறம் பேச்சுத் தானா ஓடும்.

எண்ணிக்கையைப் பத்தியும் கேளுங்க, எதை எண்ணினாங்க எதை விட்டாங்கன்னு. லெஸ்லி ஓர் 2000ல வெளியிட்ட நூலை எடுத்துக்கோங்க. சோழர் காலக் கோயில் பெண்கள்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் தஞ்சைப் பெரிய கோயில்ல ராஜராஜன் குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்டுகள்தான் ஞாபகம் வரும், உடனே ஆட்டம் பாட்டம்னு நினைச்சுக்குவோம். அவங்க அந்த ஒரு கல்வெட்டோட நிக்காம தமிழ்நாடு முழுக்கக் கோயில் பெண்கள் வர்ற கல்வெட்டைத் திரட்டிப் பார்த்தாங்க, பார்த்தா அந்தப் பெண்கள் ரொம்ப அதிகமா வர்றது கொடை கொடுத்தவங்களா, தஞ்சாவூர்ல இருக்குறதுதான் விதிவிலக்கு. நாம சாதாரணம்னு நினைச்சது விதிவிலக்கா இருக்கலாம்னு காட்டுற இந்த மாதிரி இடம் ஒவ்வொரு நல்ல நூல்லயும் ஒண்ணு இருக்கும், அதைக் கண்டுபிடிச்சு ரெண்டாவது கேள்வியா வச்சுக்கோங்க. முதல் கேள்வியாவே வச்சா லேட்டா வர்றவங்க தவற விட்டுடுவாங்க.

அன்னைக்கு

அறிமுகம் ரெண்டு நிமிஷம். பொன்னாடையைக் கடைசியில வச்சுக்கலாம். ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்ல காட்டுத்தனமா விழும், மைக்கைச் சட்டையில குத்துற சின்ன மைக்கா வாங்கிக்கோங்க, கூடவே ஒரு போன்லயும் ஏரோபிளேன் மோட்ல போட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு காப்பாத்தும். ஒரு மணி நேரம் பேச்சு, அரை மணி கேள்வி.

பேசிட்டு இருக்கும்போது பிரம்மதேயம், இறையிலி, காராண்மைன்னு சொல் வந்துச்சுன்னா உங்களுக்குத் தெரிஞ்சாலும் நிறுத்திக் கேளுங்க, முன்வரிசையில இருக்குற டீச்சருக்குத் தெரியும், ஸ்கூல் பையனுக்குத் தெரியாது. அவங்க பதில் சொல்லி முடிச்சதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க, மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. அந்த நாலு நொடி மௌனத்துலதான் "ஆனா ஒண்ணு..."ன்னு ஆரம்பிச்சு புத்தகத்துல எழுதாத விஷயம் வரும். எனக்கு இந்தப் பழக்கம் வர ரொம்ப நாள் ஆச்சு, மௌனம்னாலே கூட்டம் கெட்டுப் போச்சோன்னு பயம்.

அவங்க சொல்றதுல உடன்பாடு இல்லைன்னா மறைக்க வேணாம், ஆனா ஆதாரத்தோட கேளுங்க: "நீங்க இந்தக் கல்வெட்டை இப்படிப் படிக்கிறீங்க, இன்னொருத்தர் அப்படிப் படிச்சிருக்காரே, நீங்க ஏன் அதை எடுத்துக்கல?" நல்ல ஆய்வாளருக்கு இதைவிடப் பிடிச்ச கேள்வி கிடையாது.

கூட்டத்துக் கேள்வியை நாங்க துண்டுச்சீட்டுல எழுதி வாங்குறோம். காரணம் இருக்கு. வரலாறுன்னு வந்துட்டா எங்க சாதிதான் இந்த மன்னன், உங்க சாதி இல்லைன்னு யாராவது ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு பத்து நிமிஷம் பேசிடுவார், அப்புறம் அந்தக் கூட்டம் திரும்பி வராது. சீட்டுல வந்தா அதையே நாம நிதானமா வாசிக்கலாம்: இந்தப் பட்டத்தைக் கல்வெட்டுல யார் யாருக்குப் போட்டிருக்காங்க, அதை வச்சு இன்னைக்கு இருக்குற சாதியைச் சொல்ல முடியுமா? கேட்டவரையும் அவமானப்படுத்தல, கேள்வியும் ஆய்வுக்குள்ள வந்துடுச்சு. பேசக் கூச்சப்படுற பொண்ணுங்களும் சீட்டுன்னா எழுதிக் கொடுக்குறாங்க, எங்களுக்கு வந்த நல்ல கேள்வில பாதி அப்படி வந்ததுதான்.

முடிஞ்சதுக்கு அப்புறம்

வீடியோவை அப்படியே ஏத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துல கொண்டுவர எனக்கு ஆறேழு மணி நேரம் ஆகுது, ஆனாலும் அதைச் செய்யணும், அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு மாணவன் தேடும்போது எழுத்துதான் கிடைக்கும். மெஷின் போடுற கேப்ஷனை நம்பாதீங்க, செல்லிரும்பொறையை என்னென்னவோ ஆக்கி வச்சிருக்கும். பேச்சு வழக்கை ரொம்ப சுத்தம் பண்ணிச் செந்தமிழ் ஆக்காதீங்க, "அந்தக் குகைக்குள்ள போனதும் வௌவால் நாத்தம்"னு சொன்னதை "துர்நாற்றம் வீசியது"ன்னு மாத்தினா அந்த ஆளே காணாமப் போயிடுவார். ஊர்ப்பேர், ஆண்டு, கல்வெட்டு எண், பக்க எண் இது நாலையும் தனியா ஒரு பட்டியல் போட்டு அவங்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்க. மேடையில வேகத்துல ஆண்டு மாறிப் போறது எல்லாருக்கும் நடக்கும், அதை அவங்க திருத்தினா அடைப்புக்குறிக்குள்ள போட்டு பின்னாடி திருத்தினதுன்னு குறிச்சிடுங்க. ஒருவேளை அவங்க சொன்ன ஒரு கருத்தையே எடுத்துடச் சொன்னா எடுத்துடுங்க, வெளியிடாத ஆய்வைப் பத்தி ஆர்வத்துல பேசியிருப்பாங்க, அது அவங்க அடுத்த நூலுக்கானது.

இதையெல்லாம் அனுப்பும்போது கூடவே ஒண்ணு கேட்டுக்குவேன், உங்க துறையில யாரும் கூப்பிடாத, ஆனா நல்ல வேலை பண்ணியிருக்குற ஒருத்தர் பேரு சொல்லுங்கன்னு. எங்களுக்கு அடுத்த பத்து மாசத்துக்கு வர்றவங்க எல்லாருமே அப்படிக் கிடைச்சவங்கதான், அதுல ரெண்டு பேருக்கு இதுதான் முதல் மேடை.